உப்புத் தண்ணீர் வீட்டில் எந்த வால்வு தாங்குகிறது?

எங்கள் வீடு மண்டபம் பக்கம், கடல் ரொம்பக் கிட்டே. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்வோம், மற்ற புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீர்தான், அது சுத்தமான உப்பு. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், மேலாக இறைத்தால் கிடைக்கும், ஆழமாகப் போர் இறக்கினால் கைக்கு வராது. இந்தத் தண்ணீரில் பல வருஷமாக வால்வுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடையில் கையில் வாங்கும்போது கனமாக இருக்கிறதே என்று பித்தளை கேட் வால்வை நம்பி வாங்காதீர்கள்.

கேட் வால்வு கெடும் விதமே தனி. சக்கரம் பாட்டுக்குச் சுற்றும், தண்ணீர் மட்டும் நிற்காது. கழற்றினால் தண்டு அறுந்து, உள்ளே இருக்கும் தகடு தனியாகக் கிடக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, உப்பில் உள்ள குளோரைடு அதில் துத்தநாகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்கிற செம்பில் வலு கிடையாது. வெளியே உருவம் அப்படியே இருக்கும், ஆனால் மஞ்சள் போய் லேசாக ரோஸ் நிறம் ஏறியிருக்கும், ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் ஊறிய ரஸ்க் மாதிரி உதிரும். பித்தளை பால் வால்வு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மலிவானதில் உள்ளே இருக்கும் குண்டின் குரோம் பூச்சு உரிந்து, அந்தச் சொரசொரப்பு டெஃப்லான் வளையத்தை அறுத்துவிடும், அப்புறம் மூடினாலும் சொட்டும்.

இப்போது டேங்க் லைன் முழுக்க யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் பால் வால்வுதான், அதிலும் இரண்டு பக்கமும் யூனியன், அதாவது கழற்றி மாட்டும் திருகு இணைப்பு, உள்ளது. விலை கூடுதல்தான், ஆனால் பைப்பை அறுக்காமல் கையால் யூனியனைத் திருகி வால்வை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ ரிங்) மாற்றி, திரும்பப் போட்டுவிடலாம். சாதாரண ஒட்டு வால்வு என்றால் ஒவ்வொரு தடவையும் பைப்பை வெட்டி, கப்ளிங் போட்டு, சல்யூஷன் காயக் காத்திருக்க வேண்டும். எங்கள் பிளம்பர் அண்ணனுக்கு இதில் உடன்பாடு இல்லை, "தம்பி, வெயில்ல கைப்பிடி கையோட வந்துரும்" என்பார். அதுவும் உண்மைதான், மொட்டைமாடி வெயிலில் கைப்பிடி மொறுமொறுவென்று ஆகிவிடும். அதனால் மாடியில் உள்ளவற்றை வெட்டிய பைப் துண்டால் மூடி வைத்திருக்கிறேன்.

வால்வு எதுவானாலும் திருப்பாமல் விட்டால் இறுகிவிடும். மாதம் ஒரு தடவை முழுசாக மூடித் திறந்தாலே உள்ளே சுண்ணாம்புப் படிவு பிடிக்காது. லண்டனில் இருக்கும் மச்சான் வீட்டிலும் இதே கதைதான். அங்கே குளிருக்குச் சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் உண்டு, அதில் சூட்டை உணர்ந்து தானாக மூடும் வால்வு. தலைப்பகுதிக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறை சூடானால் விரிந்து ஒரு சின்ன ஊசியை அமுக்கும், தண்ணீர் குறையும். கோடை முழுக்க மூடியே வைத்தால் அந்த ஊசி ஒட்டிக்கொள்ளும் என்று கோடையில் முழுசாகத் திறந்து விடுகிறான். ஒட்டிக்கொண்டால் தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அமுக்கி விடுவதுதான் வைத்தியம், கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால் ஊசியே வந்து வீடு வெந்நீராகிவிடும். தலையை மட்டும் மாற்றத் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லையாம், நம் யூனியன் வால்வைவிட வசதி!

டேங்க் மிதவையில் பித்தளைக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் கம்பி உள்ளதே நிற்கிறது. வாசரில் வெள்ளையாகப் படிந்து மூடாமல் கசிந்தால் புதுசு வாங்கும் முன் வினிகரில் போட்டு வையுங்கள், நுரைத்துக் கரையும். கிளாம்ப், ஆணிக்கு எவர்சில்வர் என்று சொல்லி 304 என்ற ரகத்தைக் கொடுப்பார்கள், கடல்காற்றில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். 316 கேளுங்கள், மாலிப்டினம் சேர்ந்தது என்பதால் அதிக நாள் தாங்கும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பித்தளை மரையை பிளாஸ்டிக் மரைக்குள் ஏற்றி முறுக்கினால் பிளாஸ்டிக் பிளக்கும், ஆகவே உள்ளே நுழைகிற மரை பிளாஸ்டிக்காக, அதை வாங்கிக்கொள்கிற மரை பித்தளையாக இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். ஓ ரிங்குக்கு வாஸ்லின் தடவுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு, கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் அதில் உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ் போதும்.

கீசர் லைனுக்கு மட்டும் யூபிவிசி ஆகாது, சூட்டில் நெகிழ்ந்துவிடும். அங்கே சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் வால்வு, கீசர் வாயோடு ஒட்டிய துண்டு மட்டும் உலோகம். அந்த உலோகத் துண்டை எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கிறோம், ரோஸ் நிறம் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவோம்.