ஓட்டுநர் உரிம உதவிச் சேவைக்கு விளம்பரச் சான்று: மூன்று விண்ணப்பங்களும் மூன்று விடைகளும்

ஓட்டுநர் உரிமம் தொடர்பான சேவைகளை இணையத்தில் விளம்பரம் செய்ய விரும்பிய மூன்று நிறுவனங்களின் சார்பில், ஒரே விளம்பரத் தளத்தில், அத்தகைய விளம்பரங்களுக்கு அந்தத் தளம் கேட்கும் சான்றளிப்புக்கு ஓராண்டுக்குள் மூன்று முறை விண்ணப்பித்தேன். ஒன்றுக்குச் சான்று கிடைத்தது, ஒன்று மறுக்கப்பட்டது, மூன்றாவதற்கு அப்படியொரு சான்றே தேவையில்லை என்று பதில் வந்தது. அந்தத் தளத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறைகள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையாகாது. விதிகளும் தளத்துக்குத் தளம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தளத்தின் கொள்கைப் பக்கத்தை நேரடியாகப் படித்துவிடுவது அவசியம்.

முதலில் என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். சான்றளிப்பு என்ற சொல்லைக் கேட்டதும், நம் சேவை நேர்மையானதா, வாடிக்கையாளரை ஏமாற்றாமல் நடத்துகிறோமா என்பதை யாரோ சோதித்து முத்திரை குத்துவார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது தவறான எண்ணம். இந்தச் சான்று உங்கள் சேவையின் தரத்தை அளப்பதில்லை. உரிமம் வழங்கும் அரசுக்கும் உங்களுக்கும் இடையே அதிகாரபூர்வமான தொடர்பு உண்டா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. எவ்வளவு நேர்த்தியாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பவராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லையென்றால் கதவு திறக்காது. இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால் ஒரு விண்ணப்பத்துக்காகச் செலவழித்த ஏழு வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு, 2019 டிசம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன், ‘ஆன் பாயின்ட் குளோபல்’ என்ற நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கை நினைவூட்டலாம். ஓட்டுநர் உரிமத்தை இணையத்திலேயே புதுப்பித்துத் தரும் இடம் போலத் தோற்றமளித்த பக்கங்களில் மக்கள் பணத்தைச் செலுத்தினார்கள் என்றும், அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது பொதுவில் இலவசமாகவே காணக்கூடிய தகவல்களைத் தொகுத்த ஒரு பிடிஎஃப் கோப்பு மட்டுமே என்றும் அந்த ஆணையம் குற்றம் சாட்டியது. பிரிட்டனில் உரிமத்தில் உள்ள முகவரியை மாற்றுவதற்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. ஆனால் அதற்குக் கட்டணம் கேட்கும் தனியார் பக்கங்கள் தேடல் விளம்பரங்களில் தோன்றுவதாக அங்கே செய்திகள் வந்தன. தேடுபவர் அவசரத்தில் இருக்கிறார், விளம்பரம் முடிவுகளுக்கு மேலே நிற்கிறது, பக்கத்தின் நிறமும் எழுத்தும் அரசுத் துறையை ஒத்திருக்கின்றன. ஏமாற இது போதும்.

கூகுள் ஆட்ஸ் தளத்தின் கொள்கைகளில் அரசு ஆவணங்களுக்கும் அதிகாரபூர்வ சேவைகளுக்கும் தனிப் பிரிவே உள்ளது. அரசிடமோ, அரசு அந்தப் பணியை ஒப்படைத்த அமைப்பிடமோ நேரடியாகப் பெறக்கூடிய ஒன்றைப் பெற்றுத் தருவதாகவோ பெற உதவுவதாகவோ மற்றவர்கள் விளம்பரம் செய்வதை அந்தப் பிரிவு தடுக்கிறது. அரசும், அரசால் பணி ஒப்படைக்கப்பட்டவர்களும் மட்டுமே அதற்கு விலக்கு. ‘உதவி’ என்ற சொல் இங்கே உங்களைக் காப்பாற்றாது என்பதைக் கவனிக்க வேண்டும். நான் விண்ணப்பித்த தளத்திலும் நடைமுறையில் இதே போக்கைத்தான் கண்டேன்.

விண்ணப்பப் படிவம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. விளம்பரக் கணக்கின் எண், நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், விளம்பரத்தைச் சொடுக்குபவர் சென்றடையும் டொமைன் (இணையதள முகவரி), எந்த நாட்டில் விளம்பரம் செய்யப்போகிறீர்கள், எந்த அரசுச் சேவை என்பவற்றைக் கேட்கிறார்கள். இவற்றுக்குப் பிறகு வரும் ஒரு பெட்டியில்தான் விஷயமே இருக்கிறது: உங்கள் டொமைனை அங்கீகரிக்கப்பட்ட சேவையாளராகக் குறிப்பிடும் அரசு இணையப் பக்கத்தின் முகவரி. ஒப்பந்தத்தின் நகலை இணைத்தால் போதாதா என்று கேட்டேன், போதாது என்றார்கள். தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தாலும், யோசித்துப் பார்த்தால் அந்த நிபந்தனை நியாயமானது. ஒப்பந்த நகலை யார் வேண்டுமானாலும் கணினியில் உருவாக்கலாம்; அரசு இணையதளத்தில் ஒரு வரியைச் சேர்க்க அரசால் மட்டுமே முடியும்.

சான்று பெற்ற நிறுவனம், உரிமத்துக்கான கோட்பாட்டுத் தேர்வை நடத்த அரசு அதிகாரம் அளித்த ஓர் அமைப்பு. அதற்கே அந்த ஒரு வரி இல்லாமல் இருந்தது. துறையின் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, இணைய முகவரி இல்லை. துறைக்குக் கடிதம் எழுதி, நினைவூட்டி, அந்த இணைப்பைச் சேர்க்கச் செய்யவே ஐந்து வாரங்கள் ஆயின. அதன் பிறகு மறு விண்ணப்பத்துக்கு நான்கு வேலைநாள்களில் ஒப்புதல் வந்தது. ஆகவே, காலதாமதம் பெரும்பாலும் விளம்பரத் தளத்தின் பக்கம் இருப்பதில்லை. நாம் திரட்ட வேண்டிய ஆதாரத்தின் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொரு சிறிய சிக்கலையும் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விளம்பரக் கணக்கின் கட்டண விவரத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் வணிகப் பெயர் இருந்தது, ஆவணத்தில் சட்டப் பெயர் இருந்தது. அந்தக் காரணத்துக்காகவும் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. விளம்பரதாரரின் அடையாளச் சரிபார்ப்பும் இந்தச் சான்றளிப்பும் வெவ்வேறு படிகள் என்பதை எங்கும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதும் முடிந்ததாக நினைத்துக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மறுக்கப்பட்டது, படிவம் நிரப்ப உதவும் ஒரு சிறு நிறுவனத்தின் விண்ணப்பம். மொழி தெரியாத முதியவர்களுக்கும், ஆவணங்களை ஸ்கேன் செய்யத் தெரியாதவர்களுக்கும் அவர்கள் செய்யும் வேலை பயனுள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை. விண்ணப்பத்துக்கு முன்பு அவர்களுடைய பக்கத்தை முழுவதுமாகத் திருத்தினோம். அரசுச் சின்னத்தை ஒத்திருந்த இலச்சினை நீக்கப்பட்டது. ‘நாங்கள் அரசு நிறுவனம் அல்ல’ என்ற வாசகத்தைப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைக்காமல், தலைப்புக்கு நேர்கீழே, மற்ற எழுத்துகளின் அளவிலேயே வைத்தோம். அரசுக் கட்டணம் தனியாகவும் எங்கள் சேவைக் கட்டணம் தனியாகவும் காட்டப்பட்டன. எங்கள் உதவி இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று எழுதி, அதிகாரபூர்வ இணையதளத்துக்கு இணைப்பும் கொடுத்தோம். இத்தனை செய்தும் மறுப்புதான் வந்தது. மேலே சொன்ன அந்தப் பெட்டியை எங்களால் நிரப்ப முடியவில்லை என்பதே காரணம்.

மறுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுத்த விதம் சரியில்லை. கொள்கைப் பக்கத்தின் இணைப்பைத் தாங்கிய வார்ப்புக் கடிதம் ஒன்று வந்தது. எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஏதோ ஒரு ஆவணம் குறைகிறது என்று எண்ணி நாங்கள் இரண்டு முறை மேல்முறையீடு செய்தோம். இரண்டு முறையும் அதே கடிதம் வந்தது. ‘உங்கள் வகை நிறுவனத்துக்கு இந்தச் சான்று கிடையாது’ என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிஞ்சியிருக்கும். உதவி மையத்தின் அரட்டைப் பிரிவில் பேசியவர்கள் பணிவாகப் பேசினார்கள். ஆனால் முடிவெடுக்கும் குழுவோடு அவர்களுக்கே தொடர்பு இல்லை என்பது மூன்றாவது உரையாடலில்தான் தெரிந்தது. அந்தத் திருத்தங்கள் வீணாகவில்லை என்பது மட்டுமே ஆறுதல். கட்டணங்களைப் பிரித்துக் காட்டிய பிறகு, பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும் அழைப்புகள் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனத்தினர் சொன்னார்கள்.

மூன்றாவது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. கற்றுக்கொடுப்பது அரசு நேரடியாக வழங்கும் சேவை அன்று என்பதால் அதற்குச் சான்று வேண்டியதில்லை. இருந்தும் அவர்களுடைய விளம்பரங்கள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் விளம்பர வாசகம். தேடுபவர் தட்டிய கீவேர்டைத் தலைப்பில் தானாகவே இட்டு நிரப்பும் வசதியை முந்தைய பணியாளர் இயக்கி வைத்திருந்தார். யாராவது ‘ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தல்’ என்று தேடினால், பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தலைப்பும் ‘ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தல்’ என்றே மாறிவிடும். பள்ளிக்கு ஏமாற்றும் நோக்கம் இல்லை. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கும் சோதிக்கும் கணினிக்கும் அது உரிமம் விற்கும் கடையாகத்தான் தெரியும். அந்த வசதியை நிறுத்தி, ‘புதுப்பித்தல்’, ‘முகவரி மாற்றம்’, ‘நகல்’ போன்ற சொற்களை, அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்டப்படாதபடி விலக்குப் பட்டியலில் சேர்த்ததும் விளம்பரங்கள் மறுநாளே ஓடத் தொடங்கின. உங்களுக்குச் சான்று வேண்டும் என்று தோன்றினால், முதலில் உங்கள் கீவேர்டு பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இந்த மூன்று நிறுவனங்களுமே ஒரு கட்டத்தில் ‘சர்வதேச ஓட்டுநர் அனுமதி’யையும் சேர்த்து விளம்பரம் செய்யலாமா என்று கேட்டன. வேண்டாம் என்று தடுத்தேன். அந்த அனுமதி தனி உரிமம் அன்று. சொந்த நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது, அந்த உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டுக்கும், 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கும் செல்லும். பத்தாண்டு, இருபதாண்டு செல்லுபடியாகும் என்று யாராவது இணையத்தில் விற்றால் அது வெறும் அட்டை. அந்தந்த நாட்டு அரசோ, அரசு அதிகாரம் அளித்த ஆட்டோமொபைல் சங்கமோதான் இதை வழங்க முடியும் என்பதால், சான்று இல்லாதவர்கள் இந்தச் சொல்லைத் தொட்டாலே முழுக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சான்று பெற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர்களிடமிருந்தும் மின்னஞ்சல்கள் வந்தன. நான் விண்ணப்பித்த தளத்தில் விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஏதும் இல்லை. ஆனால் ‘உறுதியான ஒப்புதல்’ என்று சொல்லிக் கணிசமான தொகை கேட்டார்கள். உரிமம் பெற ஓர் இடைத்தரகர், அந்த இடைத்தரகர் விளம்பரம் செய்ய இன்னோர் இடைத்தரகர்! அரசு இணைப்பை அவர்களாலும் உருவாக்கித் தர முடியாது. வேறு யாருடைய சான்று பெற்ற கணக்கையோ வாடகைக்குத் தருவதுதான் அவர்கள் வழி. பிடிபட்டால் உங்கள் டொமைனும் சேர்ந்தே முடங்கும்.

ஆகவே, அரசுப் பட்டியலில் இணைய முகவரியோடு இடம்பெற்ற நிறுவனமாக இருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம், வேலை எளிது. பயிற்சிப் பள்ளியாக இருந்தால் வாசகத்தைத் திருத்தினாலே போதும். படிவ உதவி மட்டுமே உங்கள் தொழில் என்றால், இந்தச் சான்றை நம்பி விளம்பரச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

பெற்ற சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது நிறுவனத்துக்கு வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட கணக்குக்கும் குறிப்பிட்ட டொமைனுக்கும் வழங்கப்படுகிறது. எங்கள் வாடிக்கையாளர் நான்கு மாதங்களுக்குப் பிறகு தேர்வுப் பதிவுப் பக்கத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றினார். அன்று மாலைக்குள் எல்லா விளம்பரங்களும் நின்றன. பழைய முகவரியைத் தாங்கியிருந்த அரசுப் பட்டியலைத் திருத்தச் சொல்லி மறுபடியும் துறைக்குக் கடிதம் எழுதினோம். இந்த முறை மூன்று வாரங்களில் முடிந்தது.