பாலாறு வழக்கைத் தேடித் தந்த நூலகம்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜூனியர் வக்கீல் நான். நான் போகும் சட்ட நூலகத்தின் முதல் பலம் அங்கிருக்கும் நூலகர் அம்மா.

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட வழக்கு வேண்டும் என்றேன். "வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குதானே தம்பி? 1996" என்றவர், ஏ.ஐ.ஆர். என்னும் தீர்ப்புத் தொகுப்பின் அந்த ஆண்டுத் தொகுதியில் 2715ஆம் பக்கத்தைத் திறந்தே கொடுத்தார். மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் நம் மண்ணின் வழக்கில் உறுதிசெய்தது. அதைத் தாளில் படிக்க உடம்பு சிலிர்க்கிறது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) கொலைக்குத் தண்டனை சொன்ன 302ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. இப்படிப் பழைய, புதிய பிரிவு எண்களைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை மேசைக்கு மேசை ஒட்டியிருக்கிறார்கள், பெரிய உதவி.

ஆனால் மாலையில் சீக்கிரமே பூட்டிவிடுகிறார்கள். கோர்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரையாவது திறந்து வையுங்கள்.