கல்யாணத்தில் நம் வீட்டு நாய்: முகூர்த்தமா, ரிசப்ஷனா, நலங்கா?

கன்னி என்னும் நாட்டு இன நாயைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்ததாகத் தென்மாவட்டங்களில் இன்றும் சொல்வார்கள். எனவே, வளர்த்த நாய் கல்யாண ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்று மணமக்கள் ஆசைப்படுவதில் புதுமோகம் ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டியது, இரண்டு மூன்று நாள் நடக்கும் சடங்குகளில் எந்த நேரம் அதற்குத் தாங்கும் என்பதைத்தான்.

முதலில் முகூர்த்தம். பலருக்கும் இதுதான் ஆசை, நாய்க்கு இதுதான் மிகக் கடினம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நாகஸ்வரமும் தவிலும் பத்தடி தூரத்தில் வாசிக்கும்போது, நம் காதுக்கு எட்டாத ஒலிகளும் அதன் காதில் விழும். தாலி கட்டும் நொடியை அது நிற்கும் உயரத்திலிருந்து பாருங்கள். மிதமாகப் போய்க்கொண்டிருந்த மேளம் ஒரே கையசைவில் கெட்டிமேளமாகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்தாற்போல் எழுகிறார்கள். நூறு கைகள் உயர்ந்து எதையோ தன் பக்கம் வீசுகின்றன. சாதுவான லாப்ரடார்கூட அந்த நொடியில் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். பக்கத்தில் ஓமகுண்டம், காலடியில் வழவழக்கும் கிரானைட், அதன்மேல் சிந்திய அட்சதை. போதாததற்கு, நாய்க்குப் பழகிய ஆட்கள் அத்தனை பேருக்கும் அப்போது வேலை இருக்கும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ நாத்தனார் முடிச்சுப் போடப் போய்விட்டால் கயிற்றை யார் பிடிப்பது?

மூன்று வாரம் முன்பிருந்தே செல்போனில் மேளச் சத்தம் போட்டு, தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம் என்பார்கள். அது நல்ல பயிற்சிதான், மெல்லிய சத்தத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் ஓரளவு பலன் தரும். ஆனால் தவில் அடி தரை வழியாகக் காலுக்கு ஏறும் அதிர்வைச் செல்போன் தராது. கோயில் கல்யாணம் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மண்டபம் என்றால் முன்பணம் கட்டும்போதே கேட்டு, அனுமதியை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மேனேஜர் அன்று பணியில் இல்லாமல் போகலாம்.

அடுத்தது மாலை ரிசப்ஷன். முகூர்த்தத்தைவிட இது மேல், நேரத்தைச் சுருக்கினால் மட்டும். 7 மணிக்கு ரிசப்ஷன் என்றால் 6 மணிக்குக் கொண்டுவந்து, விருந்தினர் வருவதற்குள் 20 நிமிடத்தில் மேடைப் படங்களை எடுத்து முடித்து, வாசலில் காத்திருக்கும் காரில் பழகிய ஆளோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ‘எல்லாரும் பார்க்கட்டும், சாப்பாடு வரை இருக்கட்டும்’ என்று நீட்டினால் சிக்கல்தான். மணமகள் அறையில் பூட்டி வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் கதவைத் திறப்பார், ஏதோ ஒரு முறை நாய் வெளியே போய்விடும். ஆளில்லாத காரில் அடைத்து வைப்பதோ உயிருக்கே ஆபத்து. வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

ரிசப்ஷனில் பலரும் கவனிக்காத ஒன்று, மணமக்கள் நுழையும்போது விடும் டிரை ஐஸ் புகை. அதில் இருக்கும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, எனவே தரையோடு தவழும். நம் முழங்காலுக்குக் கீழே அழகாகத் தெரிகிற அந்தப் புகைக்குள்தான் பக், ஷிட்ஸு போன்ற குட்டை நாய்களின் மூக்கு இருக்கும். நாய் மேடையில் இருக்கும்போது டிரை ஐஸ், பேப்பர் வெடி, பூத்திரி மூன்றும் வேண்டாம் என்று அலங்காரக்காரரிடமும் டிஜேயிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தேர்வு மூன்றாவது: வீட்டில் நடக்கும் நலங்கு அல்லது பந்தக்கால் நாள். இடம் அதற்குத் தெரிந்த இடம், கூட்டமும் நெருங்கிய சொந்தம்தான். களைப்பானால் தன் மூலைக்குத் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். மஞ்சள் பூசிய முகத்தோடு மணப்பெண் தரையில் உட்கார்ந்திருக்க, நாய் தானாக வந்து மடியில் தலை வைக்கும். மேடையில் நிற்க வைத்து எடுக்கும் எந்தப் படத்திலும் அது கிடைக்காது.

இதற்கும் தயாரிப்பு வேண்டும். நகத்தை 4 நாள் முன்பு வெட்டுங்கள். அன்றைக்கே வெட்டி, ரத்தம் கசிந்தால் பட்டுப்புடவை போச்சு. குளியல் 2 நாள் முன்பு. காலையில் 40 நிமிட நடை, விழாவுக்கு 3 மணி நேரம் முன்பு பாதிச் சாப்பாடு. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, ஒன்றரை மீட்டர் சாதாரணக் கயிறு போதும். நீண்டு சுருங்கும் கயிறு ஆட்களின் காலைச் சுற்றும். வெள்ளை முடி நாய்மேல் மஞ்சள் நீர் பட்டால் பல நாளுக்குக் கறை போகாது. மாலை போட்டால் மல்லிகையோடு நிறுத்துங்கள், சாமந்தியும் நாய்க்கு ஆகாது. அரளி கலந்த மாலை கூடவே கூடாது, அதன் இலை, பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். மல்லிகையானாலும் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுங்கள், நாரை விழுங்கினால் குடலில் சிக்கும். மோதிரத்தைக் கட்டி அனுப்ப ஆசை என்றால் கவரிங் மோதிரம் போதும்.

சாப்பாட்டில்தான் அசல் ஆபத்து, அதுவும் பிரியத்தால் வருவது. பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட வடை, சாம்பார் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட் கேக்கும் நாய்க்கு ஆகாது. ‘ஒரு வாய்தானே’ என்று இலையிலிருந்து எடுத்துப் போடும் தாத்தா பாட்டியிடம் முந்தின நாளே பக்குவமாகச் சொல்லுங்கள்.

எங்கே அழைத்துப் போனாலும் ஒரு சோதனை: கோழித் துண்டை நீட்டுங்கள். எப்போதும் பாய்ந்து வாங்கும் நாய் முகத்தைத் திருப்பினால், அது பயத்தில் இருக்கிறது. அடிக்கடி கொட்டாவி, உதடு நக்கல், ஓரக்கண்ணில் வெள்ளை தெரிவது, வாலை இடுக்குவது எல்லாம் அதே சேதிதான். உடனே வெளியே கூட்டிப் போங்கள். யார் மேலாவது பல் பட்டுவிட்டால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். அமைதியாக இருக்கட்டும் என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவர் தரும் மருந்தையும் ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வயதான நாய், வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய், அந்நியரைப் பார்த்தால் உறுமும் நாய் மூன்றுக்கும் நான்காவது வழிதான்: எங்கும் வேண்டாம். காப்பகம் என்றால் இரண்டு வாரம் முன்பு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். வீட்டிலேயே விடுவதாக இருந்தால் பழகிய ஒருவர் கூடவே தங்க வேண்டும். பந்தல்காரரும் சமையல்காரரும் போய் வரும் வீட்டில் கேட் திறந்தே கிடக்கும், எனவே போன் நம்பர் பொறித்த பட்டை கழுத்தில் இருக்கட்டும்.

பெண் வீட்டு நாய் என்றால், அவள் புறப்பட்டுப் போனபின் அது சில நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கும், சோறு இறங்காது. அவள் உடுத்திய துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டு வையுங்கள். புகுந்த வீட்டுக்குக் கூட்டிப் போவதாக இருந்தால், மறுவீடு வரும்போது மாப்பிள்ளையே அதை இரண்டு வேளை நடக்கக் கூட்டிப் போகட்டும். போகும்போது பழைய பாயையும் தட்டையும் அப்படியே கழுவாமல் எடுத்துச் செல்லுங்கள்.