சைரஸ், அர்தஷீர்: பாரசீகத்தின் இரு தொடக்கங்கள்

இருவரும் இன்றைய ஈரானின் பார்ஸ் பகுதிக்காரர்கள். தமக்கு மேலிருந்த பேரரசனைக் கவிழ்த்தே அரியணை ஏறியவர்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

கி.மு. 550இல் மேதிய மன்னன் அஸ்தியாகசை வீழ்த்திய சைரஸ், 539இல் பாபிலோனைப் பிடித்ததும், அந்நகரத் தெய்வம் மார்துக்கே தன்னைத் தேர்ந்தெடுத்ததாகக் களிமண் உருளையில் எழுதவைத்தார். கெட்டிக்காரர்!

கி.பி. 224இல் பார்த்திய அரசன் அர்தபானைக் கொன்று சாசானிய வம்சத்தை நிறுவிய முதலாம் அர்தஷீரிடம் இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறைச் சிற்பத்தைப் பாருங்கள்: குதிரைமேல் அமர்ந்தபடி தன் கடவுள் அகுரமஸ்தாவிடமிருந்து ஆட்சி வளையத்தை வாங்குகிறார், குதிரையின் குளம்படியில் அர்தபான் கிடக்கிறார். எதிரே தெய்வத்தின் குதிரை மிதிப்பது தீமையின் வடிவான அகிரிமனை. தன் எதிரி, கடவுளின் எதிரிக்குச் சமம் என்கிறார்!

ஆட்சிக்கலையில் என் ஓட்டு சைரசுக்கே. ஆயுளில் வென்றது சாசானியம்: 651 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேல். சைரசின் பேரரசு கி.மு. 330இல் அலெக்சாந்தரிடம் வீழ்ந்தது.