இறுதிப் போட்டியா, இரட்டைச் சுற்றா?

மட்டக்களப்பில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டத் தொடர் வைப்பவர்கள், தெற்காசிய இளையோர் மகளிர் தொடர்களின் இரண்டு முறைகளையும் பார்க்க வேண்டும்.

2024 பெப்ரவரியில் டாக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் தொடரில் லீக் சுற்றும் இறுதிப் போட்டியும் இருந்தன. இறுதியில் இந்தியாவும் பங்களாதேஷும் 1-1. பெனால்டியில் 11-11. நாணயச் சுழற்சியில் இந்தியா வென்றதாக அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் இரு அணிகளையும் கூட்டுச் சம்பியன்களாக்கினார்கள். அத்தனை பிள்ளைகளின் உழைப்பை ஒரு நாணயத்திடம் கொடுத்தது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

2025 ஜூலையில் அதே நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் தொடரில் இறுதிப் போட்டியே இல்லை. இலங்கை, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் நான்கும் ஒன்றையொன்று இரண்டு தடவை சந்தித்தன. இதுதான் இரட்டைச் சுற்று. ஆளுக்கு ஆறு ஆட்டம். முதல் தடவை பெரிதாகத் தோற்ற அணிக்கும் அதே எதிரணியிடம் இன்னொரு வாய்ப்பு. ஆறையும் வென்று பங்களாதேஷ் கிண்ணம் எடுத்தது.

சரி, இறுதிப் போட்டிக்குத்தான் கூட்டம் வரும். ஆனால் நான்கு அணி என்றால் இரட்டைச் சுற்றுக்குப் பன்னிரண்டு ஆட்டம். சில வார இறுதிகளில் வெபர் மைதானத்திலேயே முடிக்கலாம். பஸ் செலவு கூடும்தான். என்றாலும் நம் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது ஆட்டங்கள்தான். என் தெரிவு இரட்டைச் சுற்று.