லெஹாரா, ஹெர்பர்ட்டா?
ஆபரெட்டா, அதாவது பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகம், கேட்க ஆரம்பிப்பவர்கள் யாரிடமிருந்து தொடங்கலாம் என்றால், பாட்டுக்கு லெஹார், வாழ்க்கைக் கதைக்கு ஹெர்பர்ட் என்பேன். ராணுவ பேண்ட் மாஸ்டராக இருந்த ஃபிரான்ஸ் லெஹார், 1905-இல் வியன்னாவில் தன் 'தி மெர்ரி விடோ' ஆபரெட்டா அரங்கேறியபின் உலகப் புகழ் பெற்றார். அதில் வரும் வால்ட்ஸ் நடன இசை இன்னும் பழசாகவில்லை.

குர்ன்சி தீவில் பிறந்த விக்டர் ஹெர்பர்ட் அப்படி ஒரே அடியில் ஏறியவர் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் செல்லோ வாசித்து, 1898 முதல் 1904 வரை பிட்ஸ்பர்க் இசைக்குழுவை நடத்தி, நடுவில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கும் எழுதினார். அப்புறம், அனுமதி இல்லாமல் தன் பாட்டைப் பாடவிட்ட உணவகத்தின் மீது வழக்குப் போட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1917-இல் ஜெயித்தார். சாப்பாட்டுக்குத்தான் காசு, பாட்டு சும்மா என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆனால் சரி, அவர் மெட்டுகள் எனக்கு இரண்டாம் முறை கேட்டபோதுதான் பிடித்தன.