டர்பனில் லேர்னர்ஸ் எழுதப் போகிறீர்களா? தமிழில் பேசி வரும் ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இதைத் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும். லேர்னர்ஸ் (கார் ஓட்டப் பழகுவதற்கான உரிமம்) தேர்வுக்குத் தேதி வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவன் என்னிடம் 2,800 ராண்ட் வாங்கி ஏமாற்றிவிட்டான். என்னோடு முடியவில்லை. போன வாரம் தையல் வகுப்பில் இன்னொரு பெண் அதே ஆளின் எண்ணைக் காட்டி, “இவரை உங்களுக்குத் தெரியுமா அக்கா?” என்று கேட்டாள். அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. திருமணமாகி இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன். என் கணவரின் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. இவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். மாமியார் தேவாரத்தை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் பாடுவார்; ஆனால் கத்தரிக்காய் விலையை ஆங்கிலத்தில்தான் கேட்பார். தமிழில் நாலு வார்த்தை தொடர்ந்து பேச ஆள் கிடைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். அந்தப் பசியைத்தான் அவன் பிடித்துக்கொண்டான்.

தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்குப் போயிருந்தபோது அறிமுகமானான். நல்ல தஞ்சாவூர்த் தமிழ். “அக்கா, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே யார் உதவுகிறார்கள்? நான் இருக்கிறேன்” என்றான். மாமியாரை ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு மாதம் இரண்டு முறை அழைத்துப் போக வேண்டும். கணவருக்கு ஷிப்ட் வேலை. முழங்கால் வலியோடு மாமியார் மினிபஸ் டாக்சியில் ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைத்தேன். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று வாக்குறுதி கொடுத்தான். இரண்டே வாரத்தில் தேர்வுத் தேதி. தேர்வைத் தமிழில் எழுத ஏற்பாடு. உண்மையான கேள்வித்தாள், விடையோடு.

தமிழில் எழுதலாம் என்றதும் நான் மறு கேள்வி கேட்கவில்லை. இந்த நாட்டில் இப்போது 12 ஆட்சிமொழிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் இல்லை. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் தெலுங்கையும் இந்தியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. படிக்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு தமிழில் கேள்வித்தாள் கேட்க முடியாது. நான் எழுதியது ஆங்கிலத்தில்தான். உங்களிடமும் யாராவது தமிழில் எழுத வைக்கிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்பினேன். பாஸ்போர்ட் நகல், விசா நகல், முகவரிச் சான்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். மறுநாள் தேதியும் நேரமும் போட்ட ஒரு படம் வந்தது. ரசீது என்றான். மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில் உன் பெயரே இல்லையே, அம்மா” என்றார். அது கணினி போடும் ரசீது, அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

குறித்த நாளில் காலை ஆறரைக்கே சோதனை மையத்தின் வாசலில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண்மணி மூன்று முறை தேடினார். பதிவு இல்லை. பிறகு அவர் பொறுமையாக ஒன்றைக் கேட்டார்: “உங்களிடம் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் இருக்கிறதா?” அப்படியொன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாமல் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவர்கள் முதலில் இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வந்த பிறகுதான் லேர்னர்ஸ் பதிவு. அதாவது என்னிடம் பணம் வாங்கிய நாளில், எனக்குத் தேதி வாங்க அவனால் மட்டுமல்ல, எவராலும் முடிந்திருக்காது. தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான்.

தொலைபேசியில் கேட்டேன். கணினிக் கோளாறு என்றான், அடுத்த வாரம் என்றான், அப்புறம் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டான். நானே விண்ணப்பித்து, எண் வந்ததும் நானே போய்ப் பதிவு செய்தேன். கண் பரிசோதனையை மையத்திலேயே செய்தார்கள். என் பெயரும் எண்ணும் அச்சடித்த ரசீது கையில் வந்தது. அசல் ரசீது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பணம் போனாலும் அவன் கொடுத்த கேள்வித்தாளாவது உதவும் என்று நினைத்தேன். நாற்பது பக்கம். கேள்வியைச் சுருக்கி, விடைக்கு ஏ, பி, சி என்று எழுத்து மட்டும் போட்டிருந்தது. சமையல் செய்துகொண்டே அந்த எழுத்துகளை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன்.

தேர்வில் மொத்தம் 64 கேள்விகள். சாலை விதிகள் 28, அதில் 22 சரியாக இருக்க வேண்டும். சாலைக் குறிகள் 28, அதில் 23. வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் 8, அதில் 6. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இதையும் அவன் சொல்லவில்லை. நான் விதிகளில் 24, குறிகளில் 25, கருவிகளில் 4 வாங்கினேன். கூட்டினால் 53 வருகிறது. குறைந்தபட்ச மதிப்பெண்களைக் கூட்டினால் 51தான். இருந்தும் தோல்வி. கருவிகள் பகுதியில் ஒரு படம் கொடுத்து, வண்டியை நிறுத்த எந்த எண், கியர் மாற்ற எந்த எண் என்று கேட்பார்கள். அவன் தாளில் இருந்தது வேறு படம். நான் பெடலைப் பார்க்காமல் மனப்பாட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தோற்றதை விட, வீட்டுக்கு வந்து கே53 (இங்குள்ள ஓட்டுநர் தேர்வு முறையின் பெயர்) கையேட்டைப் பிரித்து ஒப்பிட்டபோது கண்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கும் சந்திப்பில், வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கே முதல் உரிமை என்று அந்தத் தாள் சொல்கிறது. இங்கே விதி அதுவன்று. முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். வலப்பக்கத்துக்கு வழிவிடுவது பெரிய வட்டச் சந்திப்புகளில். நம் ஊரில் இப்படியொரு நான்கு பக்க ஸ்டாப்பை நான் பார்த்ததில்லை. ஆகவே அவன் எழுதியதைச் சந்தேகப்படவும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, ஊருக்கு வெளியே எந்தச் சாலையிலும் 120 போகலாம் என்று இருக்கிறது. ஃப்ரீவேக்குத்தான் பொதுவான வரம்பு 120. ஊருக்கு வெளியே உள்ள மற்ற சாலைகளில் 100, ஊருக்குள் 60. மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த விடைகளை நம்பி ஓட்டியிருப்பேனே என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

தோற்ற அன்று மாலை, வாரக்கணக்கில் காணாமல் போயிருந்தவன் தானாகவே அழைத்தான். எப்படித் தெரிந்துகொண்டானோ. “இன்னும் 1,500 கொடுங்கள் அக்கா, உள்ளே என் ஆள் இருக்கிறார், பேனா எடுத்துப் போனால் போதும்” என்றான். அந்தக் கவுண்டர் பெண்மணி எனக்காக மூன்று முறை தேடியது நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டேன். இதில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2004ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளி. விசாவில் இருக்கிற நாம் அப்படியொரு வழக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கு என்ன கவலை?

பிறகு மூன்று வாரம் கையேட்டை மட்டும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹிகின்சன் ஹைவேயிலும் உள்தெருக்களிலும் ஓட்டிப் போவார். ஒவ்வொரு குறிக்கும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, “இது என்ன?” என்பார். ரோபோட் இருக்கும் சந்திப்பில் நின்றால் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பின்சீட்டிலிருந்து மாமியாரும் கேள்வி கேட்பார். அடுத்த முறை 26, 27, 8. லேர்னர்ஸ் 24 மாதம் செல்லும். அதுவரை உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கியிருக்கிறேன். வங்கிப் பரிமாற்றத் தாளும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் அங்கே முதலில் கேட்டார்கள். ஆவண நகல்கள் இன்னும் அவனிடம் இருப்பதால், என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கிவிடாமல் இருக்கத் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவுக்கும் விண்ணப்பித்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

அவனுக்குப் பணம் அனுப்பியவர்கள் கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எந்த நாள், எவ்வளவு, எந்தக் கணக்கு என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வழக்கு எண்ணைத் தருகிறேன். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கும் பெண்களோடு நானே வருகிறேன். சனிக்கிழமை காலைகளில் எனக்கு நேரம் இருக்கிறது.